ஊரைக் குத்தகைக்கு எடுத்தவர்

லுகோவ்ஸ்க் ஊரில் குளிர்காலம் ஏழு மாதம். மீதி ஐந்து மாதமும் போன குளிர்காலத்தைப் பற்றிப் பேசவும், வரப்போகும் குளிர்காலத்துக்கு விறகு அடுக்கவுமே சரியாகப் போய்விடும். இப்படிப்பட்ட ஊரை ஒரு மனிதர் குத்தகைக்கு எடுக்கிறார் என்றால் அவருக்கு மூளை குழம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவி மேல் அளவுகடந்த பிரியம் இருக்க வேண்டும். சினோவி மார்க்கோவிச் பிளினெர் எடுத்தது இரண்டாவது காரணத்துக்காக. முதல் காரணத்தையும் அவர் ஒருபோதும் மறுத்ததில்லை.

அவர் மனைவி ஃபீராவுக்குக் கால்கள் ஓய்ந்து பதினாலு வருடமாகிறது. சக்கர நாற்காலிதான். மற்ற நாட்களில் தள்ளிக்கொண்டு போக எந்தத் தடையும் இல்லை. ஆனால் போவதற்கு என்ன இருக்கிறது? மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ். சனிக்கிழமைதான் யூதர்களின் தொழுகை வீடு திறந்திருக்கும். அங்கே நான்கு கிழவிகள் வருவார்கள். பாதி நேரம் பாடுவார்கள், மீதி நேரம் சண்டை போடுவார்கள். அவர்களில் ஒருத்தியான போலினா ராகம் தப்பிவிட்டாள் என்று ஃபீரா சொல்ல, ஃபீரா பிறந்ததே ராகம் தப்பித்தான் என்று போலினா சொல்ல, அந்தச் சண்டையின் தெம்பில் ஃபீரா அடுத்த ஆறு நாளை ஓட்டிவிடுவாள்.

சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமை ஓய்வு நாள். வீட்டுக்கு வெளியே, தெருவில், எதையும் தூக்கிப் போகவோ தள்ளிப் போகவோ யூதச் சட்டத்தில் இடம் கிடையாது. கைக்குட்டைக்கே அனுமதி இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்த ஃபீராவுக்கு எங்கிருந்து கிடைக்கும்? சினோவிக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு இல்லை. கடவுளைப் பற்றி அவர் நினைத்தது, பார்வையிடவே வராத மேலதிகாரியைப் பற்றி நினைப்பதுபோலத்தான்: எங்கேயோ இருக்கிறார், சம்பளம் வருகிறது, ஆளைக் கண்டதில்லை. ஃபீரா அப்படியில்லை. கால் ஓய்ந்த பிறகு முதல் இரண்டு வருடமும் சனிக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் சினோவி தாங்கியிருப்பார்.

அப்போது பெரிய நகரத்திலிருந்து வந்த யூத மதகுருவான ரபி ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே வழி சொன்னார். தெருக்களைச் சுற்றிலும் கம்பங்கள் நட்டு, அவற்றின் தலைக்கு மேலே அறுபடாமல் ஒரு கம்பி ஓட்டிவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒரே வீடு. வீட்டுக்குள் எதையும் தள்ளலாம். ஊரை ஆள்பவரிடம் பேருக்கு ஒரு குத்தகை எழுதி வாங்க வேண்டும். வாராவாரம் வெள்ளிக்கிழமை கம்பி முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சினோவி முப்பத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் கம்பி இழுத்தவர். ரபி தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவர் மனசுக்குள் பாதி ஊரைச் சுற்றிவிட்டிருந்தார்.

அப்போதைய மேயர், காலஞ்சென்ற கென்னாதி புரோகோபியெவிச், ஊறவைத்த காளானைத் தின்றுகொண்டே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். "லுகோவ்ஸ்க் நகரின் தெருக்களும் முற்றங்களும், சனிக்கிழமைகளில் சுமை எடுத்துச் செல்லும் பொருட்டு மட்டும், நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்கு, ஒரு ரூபிள் குத்தகைக்கு."

"ஒரு ரூபிளா? இந்த ஊருக்கா?" என்று மேயர் கேட்டார். "நல்லா ஏமாந்துட்டீங்க, சினோவி மார்க்கோவிச்."

எழுபத்தொரு கம்பம். எழுபது நகராட்சியுடையது. ஆற்றங்கரை மூலையில் மட்டும் கம்பம் இல்லை. அங்கே ரவில் ஹக்கீமோவின் வீட்டு முற்றம்தான் இருந்தது. ரவில் தாத்தார் இனத்து முஸ்லிம், சினோவியோடு முப்பது வருடமாக டொமினோ ஆடி, முப்பது வருடமாகக் காய் மறைக்கிறான் என்று அவர்மேல் குற்றம் சாட்டி வந்தவர். எழுபத்தோராவது கம்பத்துக்கு ரவிலே குழி தோண்டினார், முணுமுணுத்துக்கொண்டே. சினோவியை அவரும் ஃபீராவும் ஸ்யாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யோவ் ஸ்யாமா, உன் கம்பி என் தலைக்கு மேல போகுது. எனக்கென்னய்யா வாடகை?"

"சொர்க்கத்துல ஜன்னலோர சீட்டு."

"உங்க சொர்க்கத்துலயா, எங்க சொர்க்கத்துலயா?"

"ரெண்டுக்கும் நடுவுல வேலி இருக்கும்ல, அங்க."

"வேலியிலயா? அங்கயும் குளிருமேடா!" என்று சொல்லி ரவில் இன்னும் ஒரு முழம் ஆழமாகத் தோண்டினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சினோவி அண்ணாந்து பார்த்தபடி ஊரைச் சுற்றி வருவார். எதிரே வருகிறவர்கள் எல்லாரும், "என்ன சினோவி மார்க்கோவிச், இந்தக் கம்பி எதுக்கு?" என்று கேட்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒரே பதிலை இரண்டு முறை சொன்னதில்லை. மருந்துக்கடை லீதாவிடம், ஈர மேகங்களை உலர்த்தும் கொடி என்றார். மீன்காரரிடம், ஊருக்குக் கடிவாளம், அவிழ்த்துவிட்டால் ஊர் வழுக்கிக்கொண்டு வோல்கா ஆற்றில் விழுந்துவிடும் என்றார். போக்குவரத்துப் போலீஸ்காரரிடம், கடவுளுக்கு நேரடித் தொடர்பு, ஆனால் எப்போது கூப்பிட்டாலும் அங்கே வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையாது. நாற்பது வருடமாக அந்த ஊரில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. ஒருவரும் நம்ப மாட்டார்கள். அடுத்த வாரம் புதுப் பதிலுக்காக மறுபடியும் கேட்பார்கள்.

வெள்ளி மாலை விளக்கேற்றுவதற்கு முன், பனிக்காலத்தில், நாற்காலியின் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகளை வாரால் இறுக்கிக் கட்டுவார். வெள்ளி சூரியன் மறைந்ததுமே ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதன் பிறகு அந்த வேலை கூடாது. கட்டும்போது ஃபீரா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கம்பி முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு."

ஊரெல்லாம் கதை அளந்த மனிதர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொன்னதில்லை. ஒரு முறை சூறைக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தபோது, "அறுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, எழுபது வயதில் உறைபனியில் ஏணி போட்டு ஏறி, சூரியன் மறைய நாலு நிமிடம் இருக்கும்போது முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, "இப்ப முழுசா இருக்கு" என்றார்.

இந்த ஜனவரியில், குழாய் வழியாக ஊரின் வீடுகளையெல்லாம் சூடாக்கும் வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வீடுகளின் சுவரோரக் குழாய்கள் எல்லாம் செத்த பாம்பாகக் கிடந்தன. ஜனங்கள் மேல்கோட்டோடு தூங்கினார்கள். மீன்காரர் தன் மீன்களைக் குளிர்பெட்டிக்குள் வைத்தால்தான் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றார். அது பொய்யா நிஜமா என்று தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் புதுக் குழாய்களுக்கென்று வந்த நிதி கவர்னரின் மைத்துனர் கையில் போனதும், அதன் பிறகு அந்த மைத்துனருக்கு ஆற்றங்கரையில் மூன்று மாடி வீடு முளைத்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆறாவது நாள் சதுக்கத்தில் இருநூறு பேர் கூடினார்கள். எட்டாவது நாள் ஐந்நூறு பேர். "கவர்னர் இங்க வந்து ஒரு நாள் தூங்கட்டும்!" என்று லீதா கத்தினாள். சினோவியும் ரவிலும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். சினோவியும் கத்தினார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கோ வழி சொல்வதுபோல இருந்தது.

ஒன்பதாவது நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கைபேசிகளில் 'லுகோவ்ஸ்கின் உண்மைக் குரல்' என்று ஒரு சேனல் பிறந்தது. பிறந்த குழந்தைக்கு நாலு மணிக்குள் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். லுகோவ்ஸ்கின் மொத்த ஜனத்தொகை எட்டாயிரத்து நானூறு. கைக்குழந்தைகளையும் கல்லறையில் கிடப்பவர்களில் சுறுசுறுப்பான சிலரையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும்.

முதல் படம் குத்தகைப் பத்திரம். நகராட்சி அலமாரியிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். "சனிக்கிழமைகளில் சுமை எடுத்துச் செல்லும் பொருட்டு மட்டும்" என்ற வரி மட்டும் படத்தில் இல்லை. மேலேயும் கீழேயும் அப்படியே இருந்தது. லுகோவ்ஸ்க் நகரின் தெருக்களும் முற்றங்களும், நாற்பத்தொன்பது ஆண்டு, ஒரு ரூபிள். மேயர் கையெழுத்து, முத்திரை. அடுத்த படம் ஊரைச் சுற்றி ஓடும் கம்பி, சிவப்புக் கோட்டால் வரைந்தது. அதன் கீழே: "நம் ஊரை யார் வாங்கினார்கள்? நம் வெப்பம் எந்தக் கம்பி வழியாகப் போகிறது?"

ரவில்தான் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். சினோவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"கையெழுத்து அழகா விழுந்திருக்கு," என்றார். "காளான் எண்ணெய்க் கறைகூடத் தெரியுது பாரு."

"விளையாடாதடா ஸ்யாமா. கீழ என்ன எழுதியிருக்காங்க, படிச்சியா?"

"என் கண்ணுக்கு அவ்வளவு கீழ எட்டாது."

கீழே எழுதியிருந்தவை எட்டாமல் இருப்பதே நல்லதுதான். அவருடைய அப்பா காலத்தில் யூதர்களைப் பற்றி இதையெல்லாம் சுவரில் எழுதினார்கள். அதைச் சுண்ணாம்படித்து மறைக்க முடிந்தது.

மறுநாள் மாகாணத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இளஞ்சிவப்புக் கையுறை, சுமந்துவர ஒரு கேமராக்காரர். வாசலிலேயே நின்று கேட்டாள்.

"தாத்தா, நீங்க இந்த ஊரையே குத்தகைக்கு எடுத்தது உண்மையா?"

உள்ளே இருந்து ஃபீரா கூப்பிட்டாள். "ஸ்யாமா, கதை விடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

எழுபத்தெட்டு வயதில் ஒருவரிடம் கேமராவைக் கொண்டுவந்து நீட்டி கதை விடாதே என்று சொல்வது, குடிகாரரிடம் பீப்பாயைக் கொடுத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்பதுபோலத்தான். அதோடு, பன்னிரண்டு வருடமாக ஊரே கேட்ட கேள்வி மாதிரியே இருந்தது அது. சினோவி நிமிர்ந்து நின்றார்.

"ஊரை மட்டுமா எடுத்தேன்? பனியும் சேர்த்துத்தான். அதுதான் நஷ்டமே."

"அப்ப வெப்பம்?"

"வெப்பத்தைக் கம்பியில சுருட்டி ஜெருசலேமுக்கு அனுப்புறோம். பாவம், அங்க நாப்பது டிகிரி, குளிர்ல நடுங்குறாங்க."

கேமராக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, படம் ஆடியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நன்றி தாத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று மாலைச் செய்தியிலேயே வந்தது. ஜெருசலேமில் நாற்பது டிகிரி என்ற பகுதி இல்லை. "வெப்பத்தைக் கம்பியில சுருட்டி ஜெருசலேமுக்கு அனுப்புறோம்" என்பதோடு நின்றது. அதையே மூன்று முறை காட்டினார்கள். அவருடைய சிரிப்பை வெட்டி எடுக்க வேண்டிய சிரமம் அவர்களுக்கு இருக்கவில்லை. அது முகத்தில் இருந்ததே இல்லை. பிறகு தலை நரைத்த ஒரு நிபுணர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இது லுகோவ்ஸ்கில் மட்டும் நடப்பதல்ல, நாடு முழுவதும் இப்படித்தான், ஜனங்கள் கவர்னர்களைக் குறை சொல்லுமுன் யோசிக்க வேண்டும் என்றார். யூதர் என்ற சொல்லை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை சினோவி அண்ணாந்தபடி கிளம்பினார். கம்பி மூன்று இடத்தில் அறுந்திருந்தது. வெட்டுக்கருவியால் வெட்டிய சுத்தமான அறுப்பு. மருந்துக்கடை எதிரே ஏணி போட்டு ஏறி முடிச்சுப் போடும்போது லீதா வெளியே வந்து கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றாள்.

"சினோவி மார்க்கோவிச், அது உண்மையா?"

"எது?"

"அதான். வெப்பம்."

சினோவி ஏணியிலிருந்தே கீழே பார்த்தார். "லீதாம்மா, போன வருஷம் நிலாவுல தூசி படிஞ்சிருச்சு, இந்தக் கம்பியில துணி கட்டித்தான் துடைச்சேன்னு சொன்னேன். அதை நம்பினியா?"

"இல்ல."

"அப்புறம் இது மட்டும் என்ன?"

லீதா அறுந்த கம்பியை அண்ணாந்து பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஃபீராவுக்கு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவள். "அது தொலைக்காட்சியில வரலையே," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் கொதிகலன் சரியானது. குழாய்கள் முனகிக்கொண்டு சூடாயின. சதுக்கத்தில் இப்போதும் கூட்டம் இருந்தது. ஆனால் யாரும் கவர்னரின் மைத்துனரைப் பற்றிப் பேசவில்லை. வெப்பம் திரும்பி வந்ததே கம்பி வெட்டியதால்தான் என்று ஒருவர் சொல்ல, இருநூறு பேர் தலையாட்டினார்கள். சினோவி அதைக் கேட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு குறைந்த உழைப்பில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. தொழில்காரருக்குத் தொழில்காரர் என்ற முறையில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

அடுத்த வாரம் கம்பி ஒன்பது இடத்தில் அறுந்தது. முடிச்சுப் போட்டார். தொழுகை வீட்டின் கதவில் தார் பூசியிருந்தார்கள். போலினாவை மகள் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். மற்ற மூன்று கிழவிகள் வந்தார்கள், பாடினார்கள், சண்டை போட ஆள் குறைந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பத்துப் பன்னிரண்டு பேர் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. ஒருவன் மட்டும், "ஊரைக் குத்தகைக்கு எடுத்தவர் போறாரு, வழி விடுங்க!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அது நல்ல கேலிதான். வேறு சமயமாக இருந்தால் சினோவியே சொல்லியிருப்பார்.

"யாரு அது?" என்று ஃபீரா கேட்டாள்.

"ரசிகருங்க."

திங்கட்கிழமை சாதாரண உடையில் ஓர் அதிகாரி வந்தார். பெயர் துரோனின், வயது முப்பது இருக்கும், மரியாதையானவர். காலணியை வாசலிலேயே கழற்றினார். ஃபீரா படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் சமையலறையில் உட்கார்ந்தார்கள்.

"சினோவி மார்க்கோவிச், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கம்பியில மின்சாரம் எங்கேர்ந்து வருது?"

"வரல."

"அப்ப எங்க போகுது?"

"வராதது எங்க போகும் தம்பி?"

"சிக்னல்?"

"கிடையாது."

துரோனின் தன் குறிப்பேட்டைப் பார்த்தார். "மின்சாரமும் இல்ல, சிக்னலும் இல்ல. அப்ப அந்தக் கம்பி என்னதான் செய்யுது?"

சினோவியின் வாயில் ஏழு பதில்கள் வரிசையில் நின்றன. அவற்றையெல்லாம் திருப்பி அனுப்பினார். "தெருவை வீடாக்குது," என்றார். "என் பொண்டாட்டி சனிக்கிழமை வெளிய போறதுக்கு. வேற ஒண்ணும் செய்யாது."

துரோனின் குறிப்பேட்டை மூடிவைத்தார். நம்பினார் என்றுதான் தோன்றியது. நம்புவது அவருடைய வேலையில் சேர்த்தியில்லை. "தாத்தா, எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க. நான் வழி சொல்றேன். ஒரு சின்ன வீடியோ. மன்னிப்புக் கேளுங்க. ஜனங்க கோபம் தணியும். கம்பி அப்படியே இருக்கட்டும்னு நான் மேல சொல்றேன்."

"கம்பி இருக்கும்?"

"அதுக்கு அனுமதி இருக்கே. யாரு தொடப்போறா?"

காகிதத்தை நீட்டினார். சினோவி வாசித்தார். "நான், பிளினெர் சினோவி மார்க்கோவிச், அயல்நாட்டு நலன்களுக்காக லுகோவ்ஸ்க் நகரைக் குத்தகைக்கு எடுத்து, மக்களின் மனத்தைப் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்…"

"அயல்நாட்டு நலன்கள்னா? என் பொண்டாட்டி பிறந்தது பக்கத்து ஊர்ல. பஸ்ல நாப்பது நிமிஷம்."

"அது வழக்கமா போடுற வரி, தாத்தா. எல்லாருக்கும் இதே வரிதான்."

சமையலறைச் சுவரை ஒட்டி நிற்கவைத்துத் துரோனினே கைபேசியில் எடுத்தார். சினோவி ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தார். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஃபீரா எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாக வாசித்தார். ஊருக்கு அவர் சொன்ன கதைகளில் இதுதான் மோசமானது. எல்லாரும் நம்பப்போவதும் இதைத்தான்.

புதன்கிழமை வீடியோ எல்லாக் கைபேசியிலும் இருந்தது. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்பது தலைப்பு. வியாழக்கிழமை நகராட்சி லாரி ஆற்றங்கரைத் தெருவிலிருந்து தொடங்கியது. ஒருவர் கூடையில் ஏறி வெட்ட, கீழே இருவர் கம்பியைச் சுருட்டினார்கள். சினோவி மேல்கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். துரோனின் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சொன்னீங்களே தம்பி, அனுமதி இருக்குன்னு!"

"நான் பொய் சொல்லல, தாத்தா." அவர் முகம் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "அன்னிக்கு அனுமதி இருந்துச்சு. ஆனா இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. ஒத்துக்கிட்ட பிறகு எப்படி விட்டுவைக்கிறது?"

  லாரி அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தது. சினோவி அதன் பின்னாலேயே நடந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தபடி எழுபது கம்பமும் நடந்தார். கடைசியில் ரவிலின் வீடு. தனியார் முற்றம் என்பதால் லாரிக்காரர்கள் உள்ளே போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எழுபத்தோராவது கம்பம் ஏற்கெனவே விழுந்து, முழ நீளத் துண்டுகளாக அறுக்கப்பட்டு, விறகுக் குவியலில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. ரம்பம் இன்னும் வெளியே கிடந்தது. ரவில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப அறுத்தே?"

"காலையில."

"லாரி வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"கம்பியே இல்லாம ஒத்தக் கம்பம் நின்னா அது யாரை என்னடா செய்யும்?"

"எனக்குத் தெரியும் ஸ்யாமா, ஒண்ணும் செய்யாது. ஆனா நேத்து எங்க பொண்ணு ஆலியாவை அவ பாடம் நடத்துற பள்ளிக்கூடத்துலயே கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டிருக்காங்க. உங்கப்பா வீட்டுல என்ன ஆண்டெனா வெச்சிருக்காருன்னு. ரெண்டு வருஷத்துல பென்ஷன் அவளுக்கு." ரவில் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "சேனல்ல என் வீட்டுப் படமும் போட்டுட்டான். கூலிக்கு மாரடிக்கிற தாத்தார்னு எழுதியிருக்கான். கூலி எங்கடா கொடுத்தே நீ?"

அது வேடிக்கையாகச் சொன்னதுதான். இருவரும் சிரிக்கவில்லை.

"உள்ள வா, டீ போடுறேன்," என்றார் ரவில்.

"ஃபீரா தனியா இருக்கா."

"டொமினோ?"

"பாக்கலாம்."

ரவில் எழுந்து நின்றார்; வாசல் வரை வரவில்லை. தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சினோவி எங்கும் போகவில்லை. ஃபீரா விளக்குத் தண்டைத் துடைத்தாள். சூரியன் கூரைகளுக்குக் கீழே இறங்கியது. நாற்காலி வாசலருகே நின்றது. சறுக்குக் கட்டைகள் சுவரில் சாய்ந்தே இருந்தன. எவ்வளவு நேரம்தான் அவற்றைப் பார்க்காதவர் போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பது?

"கட்டலியா?" என்று ஃபீரா கேட்டாள்.

"கட்டுறேன்."

"கம்பி முழுசா இருக்கா?"

சினோவி திரும்பினார். ஒரு சொல் போதும். அவளுக்குக் கண் மங்கல். தெருவில் மேலே பார்க்க மாட்டாள். முழுசா இருக்கு என்று சொல்லி நாளைக் காலையில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எழுபத்தெட்டு வருடமாகப் பழகிய தொழில். இந்த ஒரு வேலைக்கு உதவாவிட்டால் அது எதற்கு?

"இல்ல," என்றார்.

"எத்தனை இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

ஃபீரா துணியை மடித்து வைத்தாள். "புதன்கிழமையே மாடி வீட்டு அந்தோனினா கைபேசியைக் கொண்டுவந்து காட்டினா. முழுசாப் பாத்தேன். ஒரே ஒரு இடத்துலகூட நீ விளையாடல, ஸ்யாமா. உன்னை யாரோ கழுத்தைப் பிடிச்சிருக்காங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு." திரியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "எனக்காகத்தானே வாசிச்சே? இனிமே எனக்காக அப்படி எதையும் வாசிக்காத."

"ஃபீரா, கம்பி இல்லாமலே போவோம். நான் தள்றேன். பாவம் என்னைச் சேரட்டும். யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலேன்னா பன்னண்டு வருஷம் கழுத்து வலிக்க எதுக்கு அண்ணாந்து பாத்தே?"

 அவள் விளக்கேற்றினாள்.

சனிக்கிழமை காலை ஃபீரா வழக்கம்போல நீல உடையை உடுத்திக்கொண்டு, தலைத்துணி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தாள். போக இடமில்லாவிட்டாலும் நாள் நாள்தான் என்றாள். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. சினோவி கொஞ்ச நேரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நாற்காலியின் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார். வீட்டுக்குள் தள்ளுவதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

ஜன்னலிலிருந்து அடுப்பு வரைக்கும் தள்ளினார். "வாசப்படி இறங்கியாச்சு. பிடிச்சுக்கோ, வழுக்குது."

ஃபீரா திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்பிலிருந்து கட்டில். "மருந்துக்கடை. லீதா கையாட்டுறா. புதுசா ஒரு தொப்பி, தலையில பானையைக் கவுத்த மாதிரி." கட்டிலிலிருந்து அலமாரி. "மீன்காரர் கடை. ஒரு மீனு கழுத்தைத் திருப்பி உன்னையே பாக்குது. 'யாரு இந்த அழகி?'ன்னு கேக்குது."

"மீனுக்குக் கழுத்து ஏது?"

"இதுக்கு இருக்கு. அதனாலதான் விலை ஜாஸ்தி."

ஃபீராவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாள்தான். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அவர் தபால் ஆபீஸைக் கடந்தார், பள்ளிக்கூடத்தைக் கடந்தார், மைத்துனரின் மூன்று மாடி வீட்டைக் கடந்தார். அதன் நாலாவது மாடி நேற்று இரவு முளைத்துவிட்டது என்றார். சக்கரங்கள் மரப்பலகையில் கிறீச்சிட்டன. ஆற்றங்கரைத் திருப்பம் வந்தது. அது அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது.

"ரவில் வீடு வந்துருச்சா?" என்று ஃபீரா கேட்டாள்.

"வந்துருச்சு."

"வாசல்ல நிக்கிறாரா?"

"நிக்கிறான்."

"என்ன சொல்றாரு?"

சினோவி நின்றார். ரவில் சனிக்கிழமைகளில் சொல்வதெல்லாம் அவருக்குத் தெரியும். முப்பது வருட வசவுகள், மூட்டை மூட்டையாக. அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்று. வாயைத் திறந்து மூடினார். 

ஃபீரா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையைப் பின்னால் நீட்டி, கைப்பிடியிலிருந்த அவர் விரல்களைத் தொட்டாள்.

"சரி, போகலாம் ஸ்யாமா," என்றாள். "குளிருது."